மலையடிவாரத்துக்கு எந்தப் பழைய கார் சரிப்படும்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில் வழியாக வத்திராயிருப்பு பக்கம் திரும்பினால், மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வருகிறது. தென்னந்தோப்பு, நெல்வயல், மாந்தோப்பு என்று கண்ணுக்குக் குளிர்ச்சியான பாதை. அந்த மலையடிவாரத்தில் இருக்கிறது மகாராஜபுரம். சதுரகிரிக்கு மலையேற தாணிப்பாறைக்குப் போகும் பக்தர்களுக்கு நன்கு தெரிந்த ஊர்.

பனி கொட்டும் நாடுகளில், குளிர்காலத்தை ஓட்டுவதற்கென்றே விலை மலிவான பழைய கார் தேடுபவர்கள் உண்டு. ஹீட்டர் வேலை செய்கிறதா, சாலையில் தூவும் உப்பால் அடிப்பாகம் துருப்பிடித்திருக்கிறதா என்றெல்லாம் குனிந்து பார்ப்பார்கள்.

மகாராஜபுரத்தில் பனிக்கட்டி ஏது? இங்கே சோதனைக்காலம் ஐப்பசியும் கார்த்திகையும்தான். மலைமேல் மழை கொட்டினால், கீழே தூறல்கூட இல்லாதபோதும் ஓடையில் வெள்ளம் வந்துவிடும். 2015 மே மாதம் சதுரகிரி மலையில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்தது. அது கோடை மாதம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனாலும் கார் தேவைப்படுகிறது. நள்ளிரவில் பெரியவருக்கு நெஞ்சுவலி வந்தால், மழையில் டூவீலரில் அழைத்துப் போக முடியுமா? அதனால்தான் ஒன்றரை, இரண்டு லட்சம் சேர்ந்ததும் பலர் பழைய கார் தேடுகிறார்கள். அப்போது பெயின்ட் பளபளப்பைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு.

உயரம்: ஆல்ட்டோ போன்ற சிறிய காருக்குத் தரையிலிருந்து இடைவெளி சுமார் 160 மி.மீ. பொலிரோவுக்கு 180 மி.மீ. தார்ச்சாலையோடு நின்றால் சிறிய காரே போதும். தோப்புவரை மண்பாதையில் போக வேண்டும் என்றால் உயரம் முக்கியம். குடும்பம் மொத்தமும் ஏறி உட்கார்ந்து ஒரு வேகத்தடையைக் கடந்து பார்த்தால், அடி தட்டுகிறதா என்று தெரிந்துவிடும்.

டயர்: பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் ஈரச்சாலையில் பிடிப்பு இருக்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3521 என்றால் 2021-ம் ஆண்டின் 35-வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். டயர், பிரேக், பேட்டரி, வைப்பருக்கென்று கையில் தனியாகப் பணம் வைத்துக்கொண்டே விலை பேச வேண்டும்.

வெள்ளம் பார்த்த காரா? 2015 டிசம்பரில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் மிதந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. நீரில் மூழ்கிய கார்கள் கழுவித் துடைத்து விற்பனைக்கு வருவது உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக்கறை தெரியலாம். ஸ்டெப்னி வைக்கும் குழி, சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டுகள், ஹெட்லைட்டின் உட்புறம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கதவைத் திறந்ததும் வாசனை திரவியம் மூக்கைத் துளைத்தால் இன்னும் கவனம் தேவை. பழைய இன்ஷூரன்ஸில் நோ கிளைம் போனஸ் இல்லையென்றால், எதற்காக கிளைம் வாங்கினார்கள் என்று கேட்பதில் தவறில்லை.

ஆவணம்: ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பரிவாஹன் தளத்தில் பார்க்கலாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டும் வேண்டும். 15 வருடத்தை நெருங்கிய கார் என்றால், பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இத்தனையும் பார்த்து வாங்கிய கார்கூட ஓடை வெள்ளத்தில் நிற்காது. ஓடும் தண்ணீர் ஓர் அடி இருந்தாலே சிறிய காரை மிதக்கவைத்துவிடும். தண்ணீரில் இன்ஜின் நின்றுபோனால் மறுபடி சாவியைத் திருகக் கூடாது. உள்ளே நீர் புகுந்து இன்ஜினே உடையலாம். அந்தச் செலவு காரின் விலையையே தொட்டுவிடும்.

மலையடிவாரத்துப் பெரியவர்களுக்கு இது பழக்கம்தான். மேற்கே மலை கறுத்திருந்தால், ஓடைக்கு இந்தப் பக்கமே வண்டியை ஓரங்கட்டி, தண்ணீர் வடியும்வரை காத்திருப்பார்கள். வந்த வேகத்திலேயே வடிந்துவிடும் வெள்ளம்தான் அது. அதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்!