திரையும் புள்ளியும்

கற்பிட்டியில் மாலை வேளைகளில் நான் வாசிப்பவை 'நூலகம்' இணையத் தொகுப்பிலுள்ள பழைய ஈழத்துச் சஞ்சிகைகள். மங்கிய அச்சில் மெய்யெழுத்தின் புள்ளி மறையின் 'கண்' 'கண' ஆகிவிடுகிறது. பெருப்பித்தால் தெரியும், பக்கம் முழுதும் கண்ணில் நில்லாது. ஏட்டில் எழுதியோர் புள்ளியிடாதே எழுதினர். ஊகித்துப் படிக்கும் அப்புலமை எனக்கில்லை.

புதிய கணினித் திரை தேடியபோது கடைக்காரர் அகலத்தையே புகழ்ந்தார். 27 அங்குலத் திரையில் 1920க்கு 1080 பிக்சல்களே இருப்பின் அங்குலத்துக்கு 82தான். 24 அங்குலத்தில் அதுவே 92. 3840க்கு 2160 உடைய 27 அங்குலத் திரை 163 தரும். விலையோ என் சக்திக்கு அப்பாற்பட்டது. 24 அங்குலத்தில் 2560க்கு 1440 உடையதைத் தெரிந்தேன்: 122. இக்கடற்கரையின் உப்புக்காற்று உலோகத்தை அரிப்பதால், உத்தரவாதச் சீட்டில் துரு விலக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்த்தே பணம் கொடுத்தேன்.