ஓட்டுக்குள்ளே தீட்டில்லை

கடையம் என்று சொன்னதும் தமிழ் படித்தவர்கள் பாரதியைச் சொல்வார்கள். செல்லம்மா பிறந்த ஊர். 1918 கடைசியில் வந்து ரெண்டு வருசம் போல பாரதி இருந்த ஊர். நானும் எம்.ஏ. தமிழ் படித்தவள்தான். ஆனால் கடையம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எங்க அம்மாவின் பீடித்தட்டும், வாசலில் கவிழ்த்துப் போட்ட கோழிப் பஞ்சாரமும்தான்.

எங்க வீட்டில் எப்போதும் மூணு நாலு பெட்டைக்கோழி நிற்கும். முட்டையும் இருக்கும். ஆனால் பத்து வயசு வரைக்கும் எங்க வீட்டு முட்டையை நான் தின்றதாக ஞாபகம் இல்லை. முட்டை என்றால் எங்களுக்குக் காசு. பலசரக்குக் கடைப் பாக்கி, பீடி இலை பத்தாமல் போனால் வெளியே வாங்குகிற இலைக்கான காசு, எனக்கு நோட்டுப் புத்தகம், எல்லாம் முட்டையில்தான் கழியும்.

விற்கப் போவது என் வேலை. தூக்குச்சட்டியில் தவிட்டைப் பரப்பி முட்டையை அடுக்கித் தருவாள் அம்மா. மேலத்தெருவில் ஒரு வீட்டுப் புறவாசலில் போய் நிற்பேன். அந்த வீட்டம்மா ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து தரையில் வைப்பார். நான் ஒவ்வொரு முட்டையாக அதில் போட வேண்டும். அவர் எண்ணி எடுத்துக்கொண்டு உள்ளே போவார். காசு மேலேயிருந்து என் உள்ளங்கையில் விழும்.

"எதுக்கும்மா தண்ணில போடச் சொல்லுதாவ?"

"மிதக்கான்னு பாக்காவ. பழைய முட்டன்னா மிதக்கும்லா."

அம்மா சொன்னது பொய்யில்லை. நாளாக ஆக முட்டைக்குள் இருக்கிற ஈரம் ஓட்டின் நுண்துளைகள் வழியாக வெளியேறும். அகன்ற முனையில் இருக்கிற காற்றறை பெரிதாகும். புது முட்டை தண்ணீரில் படுத்துக் கிடக்கும், பழசு எழுந்து நிற்கும், ரொம்பப் பழசு மிதக்கும். எல்லாம் சரி. ஆனால் அன்றைக்குக் காலையில் இட்ட, சூடு ஆறாத முட்டையையும் அந்த அம்மா தண்ணீரில்தான் போடச் சொன்னார். அது சோதனை இல்லை, தீட்டுக் கழிப்பு என்று எனக்குப் புரிய ரொம்ப நாளானது. அம்மாவுக்கு முதலிலேயே தெரியும். பிள்ளையிடம் சொல்ல மனசு வரவில்லை.

எங்க கையால் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். ஆனால் எங்க தெருக் குப்பையைக் கிளறித் தின்ற கோழியின் வயிற்றிலிருந்து வந்தது அவர்கள் அடுப்படி வரைக்கும் போகும். மேலே ஓடு இருக்கிறதாம். ஓட்டுக்குள்ளே தீட்டு இல்லையாம். சாதிக்குச் சட்டம் எழுதியவன் தன் நாக்குக்கு மட்டும் ஒரு சந்து விட்டு எழுதியிருக்கிறான்.

1994-இல் அம்மா என் தம்பியை வயிற்றில் சுமந்திருந்தாள். பொழுது சாய்ந்தால் அவளுக்குக் கண் மங்கும். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் பீடி இலையின் ஓரத்தை விரலால் தடவித்தான் மடிப்பாள். அடுப்படிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போவாள். "கர்ப்பச் சூடு" என்றார்கள் தெருப் பெண்கள். ஊருக்கு வந்த நர்சம்மாதான் மாலைக்கண் என்றார். மாத்திரை கொடுத்தார். முட்டை, முருங்கைக்கீரை, பால், பழம் என்று அடுக்கினார். பஞ்சாரத்தைப் பார்த்துவிட்டு, "வீட்லயே கோழி நிக்கே, தினம் ஒரு முட்ட தின்னா என்ன?" என்று கேட்டார். அம்மா தலையை ஆட்டினாள். அவர் அந்தப் பக்கம் போனதும் தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்தாள்.

"நாந் தின்னுட்டா கடன யாரு அடைப்பா?"

கண்ணு தெரியாத தாய் தடவித் தடவி எடுத்துத் தந்த முட்டைகளை, ஆறு வயசில் நான் கொண்டுபோய் அந்தத் தண்ணீர்ச் சட்டியில் போட்டேன். தம்பி எடை குறைந்து பிறந்தான். பிரசவத்துக்குப் பிறகு அம்மாவுக்குப் பார்வை மெல்லத் திரும்பியது. ஒரு முட்டையால் மட்டும் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மருந்து வீட்டுக்குள் இருக்கும்போதே அது நமக்கில்லை என்று ஒரு பெண் முடிவு செய்தாளே, அந்த முடிவை அவள் தனியாகவா எடுத்தாள்?

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 1998-இல் அது வாரம் ஒன்று ஆனது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. சத்துணவுக் கூடத்தில் உதவியாள் எங்க தெருச் சித்தி. மேலத்தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டிலிருந்து சோறு கொண்டுவருவார்கள். சித்தி கை பட்ட சாம்பாரைத் தொட மாட்டார்கள். ஆனால் முட்டை போடுகிற நாளில் வரிசையில் முதல் ஆளாக நிற்பார்கள். "ஓடு இருக்குல்லா, உள்ள ஒண்ணும் போவாது" என்று ஒரு பையன் எனக்கே விளக்கம் சொன்னான். சித்தி சிரிப்பாள். "வாரத்துல ஒரு நாளாவது எங்கையால வாங்குதானுவள்லா!" அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கத்தில், ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் கூடி நின்றார்கள். அவரை இடமாற்றம் செய்து, எதிர்ப்பு வந்த பிறகுதான் உத்தரவைத் திரும்ப வாங்கினார்கள். எங்க தென்காசி மாவட்டத்திலேயே, சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், 2022 செப்டம்பரில், நம் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மாட்டேன், ஊர்க் கட்டுப்பாடு என்று ஒரு கடைக்காரர் சொன்னதை ஊரே காணொளியில் பார்த்தது. அவரைக் கைது செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் கையை நீட்டியபடி நின்றது என் கண்ணை விட்டுப் போகவில்லை. அது நான் நின்ற நிலை.

முட்டையில் அப்படி என்னதான் இருக்கிறது? ஐம்பது கிராம் முட்டை ஒன்றில் ஆறு கிராமுக்கு மேல் புரதம், ஐந்து கிராம் போலக் கொழுப்பு. உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பதும் அதில் உண்டு. அரிசிச் சோற்றையும் ரசத்தையும் வைத்தே வயிற்றை நிரப்புகிற வீட்டுக்கு இது பெரிய விசயம். மஞ்சள் கருவில் வைட்டமின் ஏ, டி, பி12, மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலின். மஞ்சளை ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் தின்னச் சொல்வது பிள்ளைகளுக்குப் பொருந்தாது. கொழுப்பைச் சொல்லிப் பயமுறுத்தினார்களே, அமெரிக்க உணவு வழிகாட்டியே ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்று வைத்திருந்த வரம்பை 2015-இல் எடுத்துவிட்டது. சர்க்கரை நோயும் இதய நோயும் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

எக்குவடோர் நாட்டில் ஆறு மாதக் குழந்தைகள் முதல் ஒன்பது மாதக் குழந்தைகள் வரைக்கும், தினம் ஒரு முட்டை வீதம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி குன்றுவது பாதியளவுக்குக் குறைந்ததாக 2017-இல் முடிவு வந்தது. ஆப்பிரிக்காவின் மலாவியில் அதே போலச் செய்தபோது அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. ஆகவே முட்டை மந்திரம் இல்லை. அதில் வைட்டமின் சி இல்லை, நார்ச்சத்து இல்லை, இருக்கிற இரும்புச்சத்தும் உடம்பில் சுலபமாகச் சேராது. கீரையோடும் எலுமிச்சையோடும் சேர்த்துத் தின்ன வேண்டும். பச்சையாகக் குடிப்பது பலம் என்பது தப்பு. வெந்த முட்டையின் புரதம்தான் நன்றாகச் செரிக்கும், கிருமிப் பயமும் இல்லை. நாட்டுமுட்டைக்குத்தான் சத்து என்பதும் பாதி உண்மை. ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது, கருவின் நிறம் தீனியைப் பொறுத்தது. புரதம் ரெண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஓர் ஆளுக்கு வருசத்துக்கு 180 முட்டை வேண்டும் என்கிறது. நாடு முழுக்க உற்பத்தியைத் தலைக்குப் பங்கு போட்டால் நூறு சொச்சம்தான் வருகிறது. அதிலும் பங்கு சமமாக விழுவதில்லை. 2015-இல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்க மாட்டோம் என்று முதலமைச்சரே சொன்னார். 2021-இல் கர்நாடகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கப் போனபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். தன் தட்டில் வேண்டாம் என்று சொல்ல ஒருவனுக்கு உரிமை உண்டு. பசித்த பிள்ளையின் தட்டிலிருந்து எடுக்க உரிமை இல்லை. தமிழ்நாட்டில் 2010-லிருந்து பள்ளி நாள் ஐந்திலும் முட்டை. வேண்டாம் என்பவருக்கு வாழைப்பழம். இது சும்மா வந்ததில்லை, காப்பாற்றவும் வேண்டும்.

அந்த முட்டை பெரும்பாலும் நாமக்கல் வட்டாரத்திலிருந்து வருகிறது. அங்கே கம்பிக் கூண்டு அடுக்கடுக்காக நிற்கும். ஒரு கோழிக்கு இடம், நான் எழுதுகிற இந்தத் தாளைவிடக் குறைவு. இறக்கையை விரிக்க முடியாது. பதினெட்டு இருபது வாரத்தில் முட்டையிட ஆரம்பித்து வருசத்துக்கு முந்நூறுக்கு மேல் இடும். முட்டைக் கோழியினத்தில் சேவல் குஞ்சு பொரித்த அன்றைக்கே கொல்லப்படும். கூண்டைப் பற்றி 2017-இல் சட்ட ஆணையமே தன் 269-ஆவது அறிக்கையில் பேசியது. கூண்டுக் கோழியைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று யோசித்திருக்கிறேன். என் எலும்பில் அந்தக் கோழியின் சுண்ணாம்பும் இருக்கிறது. அடைத்து வைக்கப்படுவது எப்படி இருக்கும் என்றும் எனக்குத் தெரியும்.

அரசாங்கத் தாளில் நம் கோழி வளர்ப்புக்குப் பெயர் 'புறக்கடைக் கோழி வளர்ப்பு'. புறக்கடை எங்கே இருக்கிறது? தொகுப்பு வீட்டுக்கு முன்னால் சாக்கடை, பின்னால் அடுத்த வீட்டுச் சுவர். கோழி நாலு எட்டு வைத்தால் வேறொருவர் களம். நெல்லைக் கொத்தியது என்று எங்க கருங்கோழியின் காலை ஒருமுறை கல்லால் அடித்து ஒடித்தார்கள். கோழிக்கும் சாதி தெரு எல்லை போட்டிருக்கிறது. நிலம் இல்லாதவனுக்குக் கோழிக்குஞ்சை மட்டும் கொடுத்துவிட்டுத் திட்டம் முடிந்தது என்று சொல்லக் கூடாது.

அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? எங்க மாலைப்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிற பெண்கள் சிலர் சேர்ந்து இப்போது வீட்டுக்கு நாலு பெட்டை வளர்க்கிறோம். சேவல் ரெண்டு வீட்டுக்கு ஒன்று. முறை ஒன்றும் புதிது இல்லை, எங்க ஆச்சிமார் செய்ததுதான். முட்டையை எடுக்கும்போது ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் கோழி அதே இடத்தில் இடும். எடுத்ததை ஈர மணல் சட்டியின் மேல் வைத்துத் துணி போட்டு மூடினால் கெடாது. அவயத்துக்கு வைக்க ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைதான் வேண்டும். மணல் பரப்பிய கூடையில் பத்துப் பன்னிரண்டு. ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நரம்பு ஓடியிருக்கும். ஓடாதது கூமுட்டை. இருபத்தோராம் நாள் குஞ்சு. கலயத்தில் சாணமும் பழைய ஓலையும் போட்டு நனைத்துக் கவிழ்த்தால் மறுநாள் கறையான் ஏறியிருக்கும், குஞ்சுக்கு அதைவிடத் தீனி இல்லை.

ஆச்சிமாரிடம் இல்லாதது ஒன்றுதான், தடுப்பு மருந்து. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் பஞ்சாரம் காலி. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, எட்டு வாரத்துக்குப் பிறகு இறக்கையில் ஊசி. இதைத் தவறவிட்டால் மற்றது எல்லாம் வீண்.

கணக்கு இப்படி. நாட்டுக்கோழி ஒன்று வருசத்துக்கு அறுபது முட்டை. நாலுக்கு 240. நூறை அடைக்கு ஒதுக்கினாலும் மிச்சம் 140. வாரத்துக்கு ரெண்டு மூணு. பள்ளிக்கூடம் இல்லாத சனி, ஞாயிறுக்குப் பிள்ளைகளுக்கு ஆச்சு. வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி தெருவில் இருந்தால் அவளுக்குத்தான் முதல் முட்டை. குஞ்சையும் சேவலையும் விற்கலாம், முட்டையை விற்கக் கூடாது என்று எங்களுக்குள் பேச்சு. சிலர் மீறுகிறார்கள். கடன் இருக்கிறது, என்ன செய்வார்கள்? 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் ஒரு முட்டை வேண்டும் என்று நாங்கள் மனு எழுதிக்கொண்டிருப்பதும் அதனால்தான்.

அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. ராத்திரி அவளுக்கு நான் முட்டை அவித்துத் தருகிறேன். "எனக்கெதுக்குளா, பிள்ளைகளுக்குக் குடு" என்பாள். விட மாட்டேன். நேற்று, வெந்த முட்டையை ஓடு உரிக்க வாகாகப் பச்சைத் தண்ணீரில் போட்டேன். அவள் அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வீட்டம்மா தண்ணி வைப்பாவள்லா..." என்றாள்.

"தெரியும்மா" என்றேன்.

முப்பது வருசம் கழித்து இதை நாங்கள் பேசினோம். அப்புறம் ஓட்டை உரித்து, உப்பும் மிளகுத்தூளும் தூவி அவள் கையில் வைத்தேன். முழுசாகத் தின்றாள்.