த்ரில்லர் எடுக்கப் போகிறீர்களா? முதல் மூன்று நிமிடத்துக்குக் கணக்கு எழுதுங்கள்

காரைக்குடிப் பக்கம் கல்லூரிப் பசங்க த்ரில்லர் குறும்படம் எடுக்கிறார்கள் என்றால், கதை கேட்காமலே முதல் காட்சியைச் சொல்லிவிடலாம். பெரிய செட்டிநாட்டு வீடு. ராத்திரி. 'க்ரீச்' என்று ஒரு கதவு. சொட்டுச் சொட்டாகக் குழாய். ஓடுகிற கால்கள், ஒரு அலறல், உடனே டைட்டில். ஓடினது யார், அலறினது எதற்கு என்று கேட்டால் டைரக்டர் கேமராமேனைப் பார்ப்பார், கேமராமேன் செல்போனைப் பார்ப்பார் :-)

த்ரில்லரின் தொடக்கம் என்பது பார்க்கிறவனிடம் வாங்குகிற கடன். காமர்ஸ் பாஷையில் சொன்னால் பிராமிசரி நோட்டு. "உன் கவனத்தைக் கொடு, இந்தக் கேள்விக்குக் கடைசியில் பதில் தருகிறேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அலறலை மட்டும் காட்டிவிட்டு மறந்துபோனால், நோட்டில் தொகை எழுதாமல் கையெழுத்து போட்ட மாதிரி.

இதற்குப் பாடம் படிக்க ஹாலிவுட்டுக்கெல்லாம் போக வேண்டாம். காரைக்குடியில் பிறந்த ஏ.வி.மெய்யப்பன் 1940-களில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டுப் படம் எடுத்தவர். 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். பிறகு ஸ்டூடியோ சென்னைக்குப் போனது. அங்கிருந்து 1954-ல் ஏவிஎம் வெளியிட்ட படம் 'அந்த நாள்'. டைரக்‌ஷன் வீணை எஸ்.பாலசந்தர், கதை ஜாவர் சீதாராமன். பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, சண்டை இல்லை. 1954-ல்! அகிரா குரோசவாவின் 'ரஷோமான்' பார்த்த பாதிப்பில் பிறந்த படம்.

தொடக்கத்தைப் பாருங்கள். துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி கணேசன் சாய்கிறார். அவ்வளவுதான், ஹீரோ காலி! 1943 அக்டோபர் 11, ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட இரவை ஒட்டி நடக்கிற கதை. அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, மனைவி, இன்னொரு பெண் என்று ஐந்து பேர் மேல் சந்தேகம். கொன்றது யார் என்று இங்கே சொல்வது பாவம். ஆனால் முதல் நிமிடத்தில் போட்ட அந்த ஒரே கேள்விக்குத்தான் மொத்தப் படமும் வட்டியும் முதலுமாகப் பதில் கட்டுகிறது. வெளியானபோது ஓடவில்லை என்பது வேறு கதை. பாட்டில்லாத படத்துக்கு அன்றைய ஜனங்கள் தயாராக இல்லை.

அதே பாலசந்தர் 1964-ல் 'பொம்மை' எடுத்தார். (ஜேசுதாஸ் தமிழில் அறிமுகமானது இதில்தான், க்விஸ்ஸுக்கு உதவும்.) அதில் வழி நேர் எதிர். பொம்மைக்குள் குண்டு இருப்பது நமக்குத் தெரியும், பொம்மையைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்களுக்குத் தெரியாது. முதலாவதில் பார்க்கிறவனிடம் ஒன்றை மறைக்கிறார்கள், இரண்டாவதில் அவனுக்கு மட்டும் ஒன்றைச் சொல்கிறார்கள். பேப்பரில் முதல் வரி எழுதுவதற்கு முன்னால் இந்த இரண்டில் எது என்று முடிவு செய்துவிட வேண்டும். இரண்டையும் கலந்தால் மூன்று நிமிடம் தாங்காது.

சரி, வீட்டுக்கு வருவோம். செட்டிநாட்டு வீட்டை ஏன் பேய் பங்களாவாகவே காட்டுகிறார்கள் என்பதுதான் புரியவில்லை. அந்த வீடுகளில் பலவற்றில் பிள்ளைகள் எல்லாம் வெளியூர், வெளிநாடு போய்விட, ஆச்சி ஒருவர் தனியாக இருக்கிறார், அல்லது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு குடும்பம் இருக்கிறது. பத்து பசங்க போய் அலறிவிட்டு, "இந்த வீட்டில் கொலை நடந்தது" என்று யூட்யூபில் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அதற்கப்புறம் ராத்திரி அங்கே தனியாகப் படுக்கிறவர் ஆச்சிதானே? வாசல் பெயர்ப்பலகை ஃப்ரேமில் விழாமல் பார்ப்பதும், கதையை முன்கூட்டியே அவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்குவதும் திட்டத்தின் முதல் வேலை.

திகில் வேண்டுமென்றால் அந்த வீட்டின் அமைப்பே போதும். முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாம் கட்டு, பின்வாசல் என்று கதவுகள் ஒரே நேர்கோட்டில், அடுத்த தெரு வரை தெரியும். வளவைச் சுற்றி அறைகள், பங்காளிகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்று. சாவி அவரவரிடம். இப்போது யோசியுங்கள்: பட்டப்பகல், எல்லா அறையும் பூட்டு. சாவி சிங்கப்பூரில் இருக்கிற ஒரு அறை மட்டும் திறந்திருக்கிறது. குழாய் சொட்ட வேண்டாம், யாரும் ஓட வேண்டாம்.

செலவும் குறைவு. வளவில் உச்சி வெயில் நேராக இறங்கும், லைட் வாடகை மிச்சம். ஆனால் வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் ஷாட் வரிசையைக் கடிகாரம் பார்த்து எழுத வேண்டும். பெரிய கூடத்தில் குரல் எதிரொலிக்கும், செல்போன் மைக்கில் ஒரு வார்த்தை புரியாது. வசனத்தை வெட்டிவிடுங்கள். பூட்டு ஆடுகிற சத்தத்தை மட்டும் தனியாக, பக்கத்தில் மைக் வைத்துப் பதிவு செய்யுங்கள்.

பூட்டு மட்டும் பழைய பித்தளைப் பூட்டாக இருக்கட்டும். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள், ஒருநாள் வாடகைக்குத் தருகிற புண்ணியவான் யாராவது இருக்கக்கூடும்.