மில்லிங் மெஷினைக் குடிவைத்தல்

கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் வீட்டின் முன்பாதி பட்டறை, பின்பாதி குடித்தனம் என்பது பழகிய ஏற்பாடு. எங்கள் வீடும் அப்படித்தான். லேத் முன்பே இருந்தது. பஞ்சாபின் பட்டாலாவில் வார்த்த பழைய டரட் மில் ஒன்று விலைக்கு வந்ததும் வாங்கிவிட்டேன். வாங்கியதில் சொல்ல ஒன்றுமில்லை. அதைக் கொண்டுவந்து நிறுத்தியதைத்தான் சொல்ல வேண்டும். மெஷினின் துல்லியத்தில் பாதி வார்ப்பாலையில் பிறக்கிறது. மீதி அது வந்து நிற்கும் தரையில்தான் பிறக்கிறது.

1938இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ருடால்ஃப் பானோவும் மேக்னஸ் வால்ஸ்ட்ராமும் உருவாக்கிய வடிவம்தான் டரட் மில். உலகம் முழுக்க அதைப் பார்த்துச் செய்தார்கள், நம் நாட்டிலும்தான். ஹெட்டைப் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் சாய்க்கலாம், ராமை முன்னே தள்ளலாம், டரட்டைச் சுற்றலாம். இவ்வளவு வசதிக்கும் விலை உண்டு. ஏறத்தாழ ஒரு டன் எடை, அதில் பெரும்பங்கு உயரத்தில் இருக்கிறது, அடிப்பாகமோ குறுகல். இடம் மாற்றும்போது கவிழக்கூடிய மெஷின் இது.

எங்கள் சந்துக்குள் கிரேன் வராது. மெஷின் ஷிஃப்டிங் மேஸ்திரி ஒருவர் ஆட்களோடு வந்தார். முதலில் மெஷினை ஒருமுறை சுற்றி வந்தார். மோட்டாரைக் கழற்றச் சொன்னார். மேசையை அடிவரை இறக்கி, ராமை உள்ளே இழுத்து, ஹெட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினார்கள். பாரம் அந்த அளவுக்குக் கீழே வந்துவிட்டது. பிறகு இரண்டு கடப்பாரை, சில இரும்புக் குழாய்கள், மரக்கட்டைகள். ஒரு பக்கம் நெம்பிக் கட்டை, மறுபக்கம் நெம்பிக் குழாய். குழாயைச் சற்றுச் சாய்த்து வைத்தால் மெஷின் அந்தப் பக்கம் திரும்புகிறது. சுத்தியலால் குழாயின் நுனியைத் தட்டியே வாசற்படித் திருப்பத்தைக் கடந்தார்கள். நான் தள்ளப் போனபோது மேஸ்திரி தடுத்தார். “வேண்டாங்க தம்பி. பாரம் தானா வரும், நாம வழி மட்டும் காட்டணும்.” எடையின் மையம் எங்கே நிற்கிறது என்று அவர் எந்தக் கருவியும் இல்லாமல் அறிந்திருந்தார். அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசக்கூடாது என்பது என் கட்சி.

பட்டறையில் பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட் போட்டு, அது முழு வலு பெறும் 28 நாளும் தண்ணீர் காட்டி வைத்திருந்தேன். டைல்ஸ் மேல் இந்தப் பாரத்தை நிறுத்தினால் அடியில் வெற்றிடம் இருக்கும் இடம் விரிசல் விட்டே தீரும்.

கரண்ட் விஷயம் சுருக்கமாக முடிந்தது. 415 வோல்ட் மூன்று பேஸுக்கு ஸ்டாரில் இணைத்த மோட்டார். வீட்டிலோ 230 வோல்ட் சிங்கிள் பேஸ். உள்ளே இருந்த ஆறு முனைகளையும் வெளியே எடுத்து டெல்டாவாக மாற்றினால் அதே மோட்டார் 230 வோல்ட் மூன்று பேஸில் ஓடும். அந்த மூன்று பேஸை, சிங்கிள் பேஸிலிருந்து விஎஃப்டி என்ற கருவி கொடுத்துவிடும். 1937இலேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்து காட்டிய ஊர். இதற்குக் காயில் கட்டுபவரைத் தேடித் தெருவைத் தாண்ட வேண்டியதில்லை.

மட்டம் பார்க்க மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சரிவைக் காட்டும் ஸ்பிரிட் லெவல் இரவல் வாங்கினேன். லேத்துக்கு மட்டம் உயிர். நீண்ட பெட் முறுக்கிக்கொண்டால் உருளை டேப்பராகிவிடும். மில்லின் தூண் போன்ற உடல் ஒரே கனத்த வார்ப்பு, அவ்வளவு எளிதில் முறுக்காது. இங்கே குமிழி நடுவில் நிற்பதைவிட நான்கு மூலையும் சமமாகப் பாரம் ஏற்பதே பெரிது. ஒரு மூலை அந்தரத்தில் இருந்தால், கட்டர் இரும்பைத் தொட்டதும் மெஷின் அதிரும், கட்டரின் பல் போகும். ஆகவே ஒவ்வொரு மூலையிலும் ஷிம் என்ற மெல்லிய தகடு நுழைகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் போல்ட்டை இறுக்கினேன்.

அடுத்தது டிராம். பொறுமையைக் கேட்கிற வேலை இதுதான். ஸ்பிண்டிலில் டயல் கேஜை மாட்டி, கையால் சுற்றி, மேசைக்கு ஸ்பிண்டில் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மேசையில் டி-ஸ்லாட் பள்ளங்கள் இருப்பதால் டயலின் முனை ஒவ்வொன்றிலும் விழுந்து எழும். அதற்கு ஒரு வழி உண்டு: பெரிய பேரிங்கின் வெளி வளையம். அதன் இரு முகமும் இணையாகக் கிரைண்ட் செய்யப்பட்டிருக்கும். உக்கடம் பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடைத்தது. அதை மேசையில் வைத்து அதன் முகத்தில் டயலை ஓட்டினால் முள் தடங்கலின்றி நகரும். முதலில் முன்பின், பிறகு இடவலம். அளவு சரியாக வந்ததும் போல்ட்டை இறுக்குவோம். இறுக்கியதும் முள் நகர்ந்துவிடும். ஒரே போல்ட்டை முழுக்க இறுக்காமல், எதிரெதிர் போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் சுற்றிப் பார்க்க வேண்டும். வளையத்தின் சுற்று முழுக்க 0.02 மில்லிமீட்டருக்குள் வரும்வரை நான் விடவில்லை. வந்தபோது இரவாகிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்ட வீட்டாரிடம் “இதோ” என்று பலமுறை சொல்லியிருப்பேன்.

மறுநாள் மைல்டு ஸ்டீல் துண்டு ஒன்றில் ஃப்ளை கட்டர் ஓட்டினேன். கட்டரின் முன்பாதி வெட்டிய வரிகளின் மேல் பின்பாதியும் மெல்லத் தொட்டுக் குறுக்கு வரி போட்டிருந்தது. டிராம் சரியென்பதற்கு இதுவே நம்பகமான சாட்சி. ஒரு பக்க வரி மட்டும் இருந்தால் ஹெட் சாய்ந்திருக்கிறது.

மழைக்காலம் முடிந்ததும் லெவலை மறுபடி வைத்தேன். தெருப்பக்கத்து மூலை சற்றே இறங்கியிருந்தது. ஷிம் ஒன்று கூட்டி, டிராமையும் திரும்பப் பார்த்தேன். புது கான்கிரீட்டில் மெஷின் நிறுத்துகிறவர்கள் முதல் வருஷம் இதைத் தவறாமல் செய்ய வேண்டும்.