உம்மாவின் அரை மணித்தியாலம்

உடல் நிறையைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லிவிட்டால், எங்கள் ஊர் வீடுகளில் முதலில் நடப்பது விலை விசாரிப்புத்தான். யார் வீட்டில் என்ன மெசின் இருக்கிறது, எத்தனை ரூபாவுக்கு வாங்கினார்கள், இப்போது அதில் யார் நடக்கிறார்கள் என்று கேட்டுத் திரிவோம். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. மெசினில் உடுப்புக் காய்ந்துகொண்டிருக்கும்.

என் உம்மா சீனி வருத்தத்தின் எல்லையில் நிற்பதாகவும் ஐந்து கிலோவாவது குறைய வேண்டும் என்றும் கிளினிக்கில் சொன்னார்கள். வீட்டில் உயிரியல் படிப்பவள் நான்தான். மெசின் தெரியும் பொறுப்பு எனக்கு வந்தது.

உம்மாவின் உயரம் 152 சென்றிமீற்றர், நிறை 68 கிலோ. உடற்திணிவுச் சுட்டி 29ஐத் தாண்டுகிறது. ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே ஆபத்துக் கூடுகிறது, 27.5இல் அது மிக அதிகம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் வெளியிட்ட கருத்து. ஐந்து கிலோ குறைந்தால் உம்மா அந்த இரண்டாவது எல்லைக்குச் சற்றுக் கீழே வந்துவிடுவார். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உம்மாவைப் போல எல்லையில் நின்றவர்களுக்கு இரண்டு இலக்குகள் கொடுக்கப்பட்டன: நிறையில் 7 சதவீதம் குறைவு, வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சி. அந்தக் குழுவில் சீனி வருத்தம் வருவது 58 சதவீதத்தால் குறைந்தது. 68 கிலோவில் 7 சதவீதம் ஐந்து கிலோவுக்கும் குறைவுதான். எட்ட முடியாத தூரமில்லை என்று எனக்குத் தைரியம் வந்தது.

வாப்பா ட்ரெட்மில் பார்த்துவிட்டு வந்தார். நடப்பதற்கு நல்ல மெசின்தான். ஆனால் எங்கள் ஹோலில் அதை விரித்தால் தொழ இடமில்லை. 2022இன் மின்வெட்டையும் நாங்கள் மறக்கவில்லை. தங்கச்சி கயிறு போதும் என்றாள். விலை குறைவுதான், ஆனால் ஒவ்வொரு துள்ளலிலும் முழு உடம்பின் பாரமும் முழங்காலில் இறங்கும். படியேறும்போதே முழங்காலைப் பிடிக்கிறவருக்கு அது சரிவராது. இடுப்பில் கட்டி அதிரவைக்கும் பட்டியைச் சாச்சி சொன்னார். ஓரிடத்தை மட்டும் அதிரவைத்து அங்குள்ள கொழுப்பைக் கரைக்க முடியாது.

கடைசியில் உடற்பயிற்சிச் சைக்கிள் என்று முடிவானது. ஆசனம் பாரத்தைத் தாங்குவதால் முழங்கால் தப்பும், காந்தத்தால் இறுக்கம் மாற்றும் வகைக்குக் கரண்டும் தேவையில்லை. கடையில் சில விடயங்களைப் பார்த்துக்கொண்டோம். எத்தனை கிலோ வரை தாங்கும் என்ற குறிப்பு உம்மாவின் நிறையைவிட நன்றாகக் கூடியிருந்தது. பெடல் அடியில் நிற்கும்போது முழங்கால் இலேசாக மடங்கி நிற்குமாறு ஆசனத்தை உயர்த்த முடிந்தது. காலைத் தூக்காமல் ஏறத்தக்க தாழ்ந்த சட்டம், நீளக் கவுன் சிக்காதபடி மூடிய சில்லு, பழுதானால் உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதையும் பார்த்தோம். கூடவே ஓர் இறப்பர் பட்டியும் வாங்கினோம். தசையை வலுவாக்கும் பயிற்சியும் வாரத்தில் இரண்டு நாள் வேண்டும்.

சைக்கிள் வந்த பிறகுதான் உண்மையான தட்டுப்பாடு தெரிந்தது. எங்கள் வீட்டில் உம்மாவுக்கு மட்டும் நேரமே இல்லை. ஸுப்ஹுக்குப் பின் குசினி, பிறகு சமையல், துவைப்பு, அஸர் தொழுததும் தேநீர். ஏறி ஐந்து நிமிடத்தில் யாராவது கூப்பிடுவார்கள், இறங்கிவிடுவார். "இந்த வயசில எனக்கென்னத்துக்கு மகள் இந்த விளையாட்டு?" என்ற வெட்கம் வேறு.

ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியதை நினைவுபடுத்தினேன். முதலில் ஆயிஷா நாயகி வென்றார்கள், பிற்காலத்தில் உடம்பு வைத்தபோது நபியவர்கள் வென்றார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. உம்மா சிரித்தார். பிறகு நாங்கள் முறை வகுத்தோம். அஸருக்குப் பின் தேநீர் என் பொறுப்பு, கோப்பை கழுவுவது தம்பி, வாசலுக்கு வருபவர்களுக்குப் பதில் சொல்வது வாப்பா. முதல் வாரம் பத்து நிமிடம், பிறகு மெல்ல மெல்ல அரை மணித்தியாலம். கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவு.

சைக்கிள் மட்டும் எல்லாவற்றையும் செய்துவிடாது. அரை மணித்தியாலத்தில் உம்மா செலவழிப்பது ஏறத்தாழ 150 கலோரி. ஒரு கோப்பைச் சோற்றில் 200 அளவில் இருக்கிறது. ஆகவே இராச்சோறு குறைந்தது, பிளேன்டீயில் சீனி நின்றது. வயிற்றில் மூன்றிலொரு பங்கே உணவுக்கு என்ற நபிமொழியைச் சிறுவயதிலேயே எங்களுக்குச் சொல்லித்தந்தவர் உம்மாதான்.

மூன்று மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். முழங்கால் வலியும் இப்போது குறைவு என்கிறார். பாதி வழி இன்னும் இருக்கிறது.

வீட்டுக்கு மெசின் வாங்க நினைக்கும் தோழியரே, முழங்காலையும் ஹோலின் அளவையும் பாருங்கள், விலையையும் பாருங்கள். ஆனால் காசு கொடுக்கும் முன்பே, அந்த அரை மணித்தியாலத்தில் குசினியில் யார் நிற்பது என்பதையும் வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.