ஐந்து பீப்

அம்மா தோட்டை அடகு வைத்து வாங்கித் தந்த பழைய ஒர்க்ஸ்டேஷன், நண்பர்களே! கூடுதல் ரேம் வாங்கிப் போட்டேன், படுத்துவிட்டது. ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு. சிவப்பு விளக்கு மின்ன, ஐந்து பீப். மேனுவலைப் புரட்டினேன்: ஐந்து என்றால் மெமரி கோளாறு. ஆனால் இரண்டுமே டிடிஆர்3, 240 பின். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தனவே? லேபிளைப் படித்த பிறகுதான் விளங்கியது. பழையது ரெஜிஸ்டர்டு ரேம், புதியது சாதாரணம். இரண்டும் ஒரே போர்டில் சேராது.

அப்பா திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் அரம் பிடிப்பவர். பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. "சாவி உள்ள போனா போதுமாடா? ஏழு லீவரும் எந்திரிக்கணும்ல?" என்றார். இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் விளக்கியதில்லை!

புதியதைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். ஒரே ஒரு பீப்.

அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். "மறுபடியும் கத்துதேப்பா... தோடு போச்சா?"