கூடுதலாக ஒரு கம்பளி

1968ஆம் வருடம், கார்த்திகை மாதம். எனக்கு 19 வயது. சேந்தமங்கலம் சந்தைக்குத் தேனும் பழமும் சுமந்து வரும் கொல்லிமலைக்காரர் ஒருவர் அப்பாவுக்குச் சிநேகம். நான் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். “சாமை முத்தி நிக்குது. பன்னி ராவோட ராவா உழுதுட்டுப் போயிடுது. ரெண்டு ராத்திரி எங்கூட இருக்கியா தம்பி?” என்று கேட்டார். அன்றைக்கே தயாராக ஆரம்பித்துவிட்டேன்.

எம்.ஜி.ஆர். நடித்த ‘வேட்டைக்காரன்’ வந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டை, வெளுத்த வேட்டி, லாடம் அடித்த செருப்பு, தலைக்கு வாசனை எண்ணெய், கையில் மூன்று செல் டார்ச். கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்று பார்த்தேன். மேலே குளிருமே என்ற நினைப்பே வரவில்லை.

இன்றைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறது. நாங்கள் அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறினோம்.

பெரியப்பா தயாரானதை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். மண் நிறத்தில் ஒரு பழைய துண்டு, முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய வேட்டி. வெடிமருந்து நமுத்துவிடாமல் இருக்க, சுரைக்குடுக்கையைத் துணியால் இறுகச் சுற்றினார். தீப்பெட்டியை மூங்கில் குழாய்க்குள் போட்டு அடைத்தார். இடுப்பில் அரிவாள், துணியில் கேழ்வரகு அடை. மடியில் ஒரு பிடி அடுப்புச் சாம்பலையும் முடிந்துகொண்டார். எதற்கென்று கேட்டேன். ஒரு சிட்டிகை எடுத்துக் காற்றில் விட்டார். அது பறந்த திசையைப் பார்த்துவிட்டு, “அதுக்குக் கண்ணு மட்டு, தம்பி. மூக்குதான் எல்லாம்” என்றார். என் தலையையும் ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பரணில் ஏறிய கொஞ்ச நேரத்தில் பனி இறங்கியது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. பல் கிட்டியது. நடுச்சாமத்தில் என் தோளில் கனமாக ஏதோ விழுந்தது. ஒரு கம்பளி. அவர் போர்த்தியிருந்தது அவர் மேலேயே இருந்தது. மூட்டையின் அடியில் இன்னொன்றை வைத்துத் தூக்கி வந்திருக்கிறார். நான் கொண்டுவர மாட்டேன் என்பது திண்ணையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

பன்றி எங்கள் பக்கம் வரவே இல்லை. விடிந்து பார்த்தால், காற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் கால் காணி சாமை துவம்சமாகிக் கிடந்தது. ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிய தானியம். என் எண்ணெய் வாசனைதான் அதை அந்தப் பக்கம் திருப்பியது என்று எனக்கு உறைத்தது. “தப்பு என்னுது பெரியப்பா” என்றேன். அவர் சாய்ந்த கதிர்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தியபடி, “இன்னிக்கு அரப்புத் தேச்சுக் குளிச்சிட்டு வா” என்றார். அவ்வளவுதான். மறுநாள் ராத்திரியும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அந்தக் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது, ஆடியில் விழாவும் எடுக்கிறார்கள். அந்த வில்லாளியும் கிளம்புவதற்கு முன்னால் நாணைச் சரிபார்த்திருப்பான், காற்றைப் பார்த்திருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றும். நான் என் தோற்றத்துக்காகத் தயாரானேன். பெரியப்பா மலைக்காகவும், வெடிமருந்துக்காகவும், கூட வருகிறவனுக்காகவும் தயாரானார். இந்த வித்தியாசம் முழுதாகப் புரிய எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்தது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த வேட்டையெல்லாம் அதோடு முடிந்தது, அது நல்லதே. இப்போது ஆகாய கங்கையையும் அரப்பளீசுவரர் கோயிலையும் பார்க்கத்தான் பிள்ளைகள் மலையேறுகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் போகிறவர்கள் வெயில் இருக்கிறதே என்று மெல்லிய சட்டையோடு கிளம்பிவிடாதீர்கள். கம்பளி ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். கூட வருகிற யாராவது ஒருவர் மறந்திருப்பார்.